டாக்டர் பத்மஜாவின் இருபத்தோரு நாள்

காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும் பத்மஜாக்கா தெர்மாமீட்டரை நாக்கடியில் வைத்துக்கொண்டு பால்கனியில் வந்து நிற்பார். வாய் மூடியிருக்கும், கண் தெருவில் இருக்கும். பிறகு எண்ணைப் பார்த்து, காலண்டரின் தேதிக்கட்டத்தில் பொடி எழுத்தில் குறிப்பார். பக்கத்து பால்கனியிலிருந்து தினமும் பார்ப்பேன்.

ஒன்பது வருஷமாக வெளிநாட்டுத் தொற்றுநோய் முகாம்களில் வேலை செய்கிற டாக்டர். காலரா, தட்டம்மை, கடைசியாகக் காங்கோவில் எபோலா. இரண்டு வருஷம் கழித்து, அம்மா ஜலஜா மாமியோடு ஒரு மாதம் இருக்கலாம் என்று கொல்கத்தாவின் பெஹாலாவில் இருக்கும் எங்கள் கட்டடத்துக்கு வந்திருந்தார். இருபத்தோரு நாள் காய்ச்சல் பார்க்க வேண்டும், காய்ச்சல் இல்லாதவரை யாருக்கும் ஒட்டாது. இதை அவரே எல்லாரிடமும் சொன்னார். சொன்னதுதான் தப்பு.

போன துர்கா பூஜைக்குப் பந்தல் வாசலில் அவர் படத்தை மாட்டி, ‘நம் கட்டடத்தின் பெருமை’ என்று எழுதிவைத்தவர் செக்ரட்டரி ரோஹித். அதே ரோஹித் லிஃப்டை நிறுத்தினார். பால்காரர் பாக்கெட்டைப் படியிலேயே போட்டுவிட்டு ஓடினார். அப்புறம், பத்மஜாக்கா வெளியேற வேண்டும் என்று ஒரு மனு வந்தது. எங்கள் வீட்டில் கையெழுத்துக்கு இரண்டாம் பக்கத்தை மட்டும் நீட்டினார்கள்.

“எல்லாரும் போட்டாச்சு. நமக்கு மட்டும் என்னத்துக்கு வம்பு?” என்றார் அப்பா. பேனாவை எடுத்துக் கொடுத்தது நான்.

பதினோராம் நாள் ரோஹித் மனுவோடு வந்தார். நாலு படி தள்ளி நின்றுகொண்டார்.

“தப்பா நெனைக்காதீங்க டாக்டர் மேடம். கொழந்தைங்க இருக்கற பில்டிங். சுத்தம் முக்கியம் இல்லையா?” சொல்லிவிட்டு மாடிப்படிச் சுவரில் பான் எச்சிலைத் துப்பினார். புதுச் சிவப்பு வழிந்து பழைய சிவப்போடு சேர்ந்தது.

“எனக்கு நார்மல்தான், ரோஹித் அண்ணா. உங்க சுவரைத்தான் மொதல்ல அட்மிட் பண்ணணும்.”

மனுவை வாங்கி முதல் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். பெட்டியை எடுத்துக்கொண்டு, “வரேம்மா” என்றார். உள்ளே மிக்சி ஓடத் தொடங்கியது.

நான்கு மாடியும் பெட்டியோடு இறங்கினார். கதவிடுக்கில் நின்றிருந்த நான் ஒரு கை கொடுக்கக்கூடப் போகவில்லை. சுவரைப் பார்த்து வந்த அருவருப்பு என் கையைப் பார்த்தும் வந்தது.

மிச்ச நாளை ஜாதவ்பூரில் ஒரு சிநேகிதியின் காலி அறையில் கழித்துவிட்டு அங்கிருந்தே காங்கோவுக்குத் திரும்பினார். காய்ச்சல் வரவேயில்லை.

ஆறு மாதம் கழித்து, பாஸ்போர்ட்டுக்கு முகவரிக் கடிதம் வாங்கப் போனபோது ரோஹித்தின் ஃபைலில் அந்த மனுவின் முதல் பக்கத்தைப் பார்த்தேன். முதல் கையெழுத்து மட்டும் தமிழில் இருந்தது: ஜலஜா.