நாலரை இஞ்ச் செவுரு

எங்க வூட்டுக்கும் பக்கத்து வூட்டுக்கும் நடுவுல ஒரே ஒரு மண்செவுரு. அந்தாண்ட அவன் தறி, இந்தாண்ட என் தறி. ரெண்டு பேருக்கும் ஒரே வயசு, ஒரே முதலாளி. அவன் பலகை அடிக்கிற சத்தத்த வெச்சே வாரத்துக்கு இன்னா சம்பாதிக்கிறான்னு சொல்லிடுவேன். என் வருமானம் கேட்டா கொஞ்சம் யோசிக்கணும்.

எழுபதுகள்ல ஒரு நாள் முதலாளி பொடவைக்கு அஞ்சு ரூபா கூலி ஏத்தினாரு. வர்ற வழியிலயே பக்கோடா வாங்கினேன். என் சம்சாரம் பொட்டலத்த பிரிச்சிகினே, "பக்கத்து வூட்ல ஏழு ரூபாயாம்"னா. பக்கோடா எண்ண நாத்தம் அடிச்சுது. காலைல இல்லாத அஞ்சு ரூபா சாயங்காலத்துக்குள்ள எப்டி ரெண்டு ரூபா நஷ்டமாச்சுன்னு இன்னிக்கும் எனக்குப் புரியல.

அந்த வாரமே முதலாளி ஒண்ணு சொன்னாரு. "முகூர்த்தப் பொடவ நெய்ய ஆள் வேணும். கூலி ஒண்ணற மடங்கு. இப்ப தறில இருக்கறத யார் மொதல்ல சுத்தமா முடிச்சுக் குடுக்கறாங்களோ அவங்களுக்கு."

போட்டில நாங்க ரெண்டு பேரு, அப்பறம் தெருக்கோடி பெரியவர். அவருக்கு அறுபது தாண்டிடுச்சு. ரேடியோ கேட்டுகினு, வெத்தல மென்னுகினு நெய்வாரு. எங்களவிட கம்மி வருமானம், ஆனா மூஞ்சில ஒரு கவல இருக்காது. அவர நாங்க கணக்குலயே சேக்கல.

மறுநாள் அவன் தறி சத்தம் ஜல்தியா கேட்டுது. நானும் ஜல்தி பண்ணேன். அவன் இன்னும் ஏத்தினான். ஒவ்வொரு எழைக்கும் பலகையால ரெண்டு தடவ இறுக்கி அடிக்கணும். நான் ஒண்ணோட நிறுத்தினேன். கடைசி ரெண்டு முழம் அடிக்கவே இல்ல, சும்மா தட்டிக் குடுத்தேன்.

ரெண்டு பேரும் ஒரே காலைல முதலாளி வாசல்ல நின்னோம். என் பொடவைய வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாரு.

"இன்னாய்யா இது, பாதி பட்டு, மீதி கொசுவலை?"

அடுத்து அவனோடத விரிச்சாரு. அதுவும் அப்டியே. தளர ஆரம்பிச்ச எடம் கூட ஒண்ணு.

"ரெண்டு பேரும் பேசி வெச்சு நெய்தீங்களா?"

நாங்க பேசியே ஒரு வாரம் ஆயிருந்துது.

வேலை பெரியவருக்குப் போச்சு. திரும்பி வரும்போது அவனக் கேட்டேன். "உனக்குத்தான் ஏழு ரூபா ஏத்தினாங்களே, அப்பறம் இன்னாத்துக்குய்யா அப்டி ஓட்டின?"

"யாரு சொன்னா? எனக்கும் அஞ்சுதான். வூட்ல நிம்மதியா சோறு துன்னலாம்னு ஏழுன்னு வுட்டேன்."

அவன் நிம்மதிக்கு ரெண்டு ரூபா. அந்த ரெண்டு ரூபாயாலதான் என் பக்கோடா பாழாச்சு.

பெரியவரையாவது பாத்து மனச தேத்திக்கலாம்னு ரெண்டு பேரும் போனோம். முகூர்த்தப் பொடவ தறில மின்னிகினு இருந்துது.

"இந்த வயசுல மனசு நெறஞ்சிடும் இல்லீங்களா?"னு கேட்டேன்.

ரேடியோவ நிறுத்திட்டு சொன்னாரு. "எங்க நெறையுது? காஞ்சிபுரத்துல என் சகலைக்கு இதவிட ஜாஸ்தி கூலி."

இப்ப எனக்கும் அறுபது தாண்டிடுச்சு. அவன் வூட்ல டிவி வந்துது, அப்பறம் மாடி வந்துது. முன்ன மாதிரி வயிறு எரியல, வயசு ஆயிட்டா தானா அடங்கிடும்னு எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிகினு திரிஞ்சேன்.

போன மழையில அந்த மண்செவுரு சாஞ்சிடுச்சு. கொத்தனார் வந்து பாத்துட்டு, "ஒம்போது இஞ்ச்ல கட்டிடலாங்க. அந்தாண்ட தறி ஓடினாலும் ஒரு சத்தம் கேக்காது"ன்னாரு.

அவ்ளோ நிம்மதிய எனக்கு யாரும் குடுத்ததே இல்ல. அந்தாண்ட அவன் தறி இருந்த பக்கம் ஒரு தடவ எட்டிப் பாத்தேன்.

"செலவு ஜாஸ்தியாவும். நாலரை இஞ்ச் போதும்"னு சொன்னேன்.

இடிஞ்ச செவுத்துக்கு அந்தாண்டலேர்ந்து அவன் குரல் வந்துது. "ஆமா கொத்தனாரே, நாலரையே போதும்."