காயாத நாற்காலி

எண்ணெய் பூசி ஒரு வாரமாகியும் நாற்காலி கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. பதுளையில் விடாத மழை. டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்தபோது, அந்த வாசனை என்னை அப்புத்தளைத் தோட்டத்தில் நான் வளர்ந்த லயத்து வீட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தியது.

அப்பாவுக்குத் தேயிலை பெக்டரியில் வேலை. அக்காவின் கல்யாணச் சீருக்கென்று அவர் செய்து எண்ணெய் பூசிய நாற்காலி பனியில் காயவேயில்லை. போதாததற்கு இன்னும் எண்ணெய் பூசினார். கல்யாணம் நெருங்கவும், யாரிடமும் சொல்லாமல் அதைத் தேயிலை காயவைக்கும் சூடான அறையில் வைத்துவிட்டார். எந்த வாசனையையும் தேயிலை இழுத்துக்கொள்ளும் என்று அவருக்கா தெரியாது? பூ வைத்துக்கொண்டு பெக்டரிப் பக்கம் வராதே என்று அம்மாவை அதட்டுகிறவர் அவர்.

மறுநாள் பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா ஒரு பிடி தேயிலையோடு எங்கள் வாசலுக்கே வந்தார். தேயிலையை முகர்ந்தார். பிறகு குனிந்து, அப்பா விடியலில் வீட்டுக்குத் தூக்கிவந்திருந்த நாற்காலியை முகர்ந்தார். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

"ஒன் வேலையா?"

"ஆமாங்கய்யா."

அவர் நாற்காலியில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். "நல்லாத்தான் காஞ்சிருக்கு. நாளையிலேருந்து பெக்டரிக்கு வராத. மலை வேலைக்குப் போ."

நான் துடைத்துக்கொண்டிருந்த நாற்காலியை என் கணவர் எட்டிப் பார்த்தார். "அடுப்புப் பக்கத்துல வச்சா சட்டுனு காஞ்சிரும்ல?"

"வேணாங்க."

எழுந்துபோய்த் தேயிலை டப்பாவை எடுத்தேன். அடுத்த அறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன்.