ஆப்பிரிக்க மலைக்கும் தீட்டு உண்டா?

ஆப்பிரிக்காவுக்குப் போகலாம் என்று சொன்னது என் மனைவி. அதை ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தது நான்.

அவள் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறாள். தான்சானியாவிலிருந்து கப்பலில் வரும் முந்திரிக்கொட்டைக்குப் பேப்பர் பார்த்துப் பார்த்தே அவளுக்கு அந்த நாட்டின் மேல் ஆசை வந்துவிட்டது. முதலில் காட்டில் யானை, சிங்கம் பார்ப்பது, பிறகு கிளிமஞ்சாரோ ஏறுவது என்று திட்டம் போட்டாள். எனக்குப் பஜாரில் இரும்புக் கடை. கல்லாவில் உட்கார்ந்தபடியே நான் தினமும் அந்த மலையை ஏறி இறங்கினேன். "அண்ணாச்சி, ஒங்களப் பாத்துச் சிங்கம் ஓடிராம இருக்கணும்" என்று சரக்கெடுக்க வந்தவர்கள் கேலி செய்தால் தொந்தியைத் தடவிக்கொண்டு சிரிப்பேன். மலையேறும் பூட்ஸைப் பழக வேண்டும் என்று கடைக்கே போட்டுக்கொண்டு போனேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

தூத்துக்குடியில் ஏறிப் பழக என்ன இருக்கிறது? உப்பு அம்பாரத்தை விட்டால் மேம்பாலம்தான். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை கழுகுமலைக்குப் போனோம். சின்னப் பிள்ளைகளெல்லாம் ஓடி ஏறுகிற பாறை அது. பாதியில் திரும்பிக் கீழே பார்த்தேன். அவ்வளவுதான். கால் இரண்டும் வெடவெடவென்று ஆட, பாறையைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பூட்ஸ் கடிக்கிறது, நீ போய்விட்டு வா என்றேன். அவள் உச்சிவரை போய், முகமெல்லாம் சிரிப்பாக இறங்கி வந்தாள். நான் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கையைக் கொடுத்தாள். உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து இறங்கினேன். எதிரே வந்த ஒரு குடும்பம் ஒதுங்கி நின்று வழிவிட்டது.

அதன் பிறகு அவள் மலைப் பேச்சையே எடுக்கவில்லை. நான்தான் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன். வரவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பஜாரில் அத்தனை பேரிடமும் அளந்தாயிற்றே.

அந்தச் சமயத்தில் ஆறுமுகநேரியில் பெரியப்பா இறந்துபோனார். நெடுநாளாகப் படுக்கையில் கிடந்தவர். துட்டி வீட்டுப் பந்தலில் பக்கத்தில் இருந்த பங்காளி ஒருவர், "இனி வருசம் திரும்புத வரைக்கும் நம்ம யாரும் மலையேறக் கூடாதுடே" என்றார். அவர் சொன்னது பழனி மாதிரியான கோயில் மலைகளை. எனக்கோ வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. என்னைத் தோளில் தூக்கித் திரிந்த மனிதர் உள்ளே கிடக்கிறார், நான் வெளியே நிம்மதியாக மூச்சு விடுகிறேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கிடைத்ததை விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "இந்த வருசம் மலை கிடையாது. தீட்டு. பெரியப்பாவுக்குச் செய்யுத மரியாத" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், காலண்டரைப் பார்த்தாள். "சரி, பதினாறு கழியட்டும்" என்றாள்.

பதினாறாம் நாள், பங்காளிகள் எல்லாம் பந்தியில் இருக்கும்போது, பெரியப்பாவின் மகளிடம் மனைவி கேட்டேவிட்டாள். எனக்கு அக்கா முறை. தகப்பனைக் கடைசிவரை பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள்தான்.

"மதினி, மலையேறக் கூடாதுங்காகளே, ஆப்பிரிக்காவுல இருக்குத மலைக்கும் அது உண்டா?"

அக்கா சாம்பார் வாளியோடு நின்றாள். "ஏளா, அங்கன என்ன சாமியா இருக்கு? கோயில் மலைக்குத்தான் தீட்டு. யாரு சொன்னா?"

"இவுகதான் சொல்லுதாக."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "ஏலே, பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லு. எங்க அப்பாவ ஏம்ல இழுக்க?"

பந்தியே சிரித்தது. அவர்கள் சிரித்ததுகூடப் பரவாயில்லை. அக்கா சிரிக்கவில்லை, கண் கலங்கியிருந்தது.

காரில் திரும்பும்போது மனைவியின் மேல் சீறினேன். "நாலு பேரு முன்னால என் மானத்த வாங்கிட்டியே!"

"கழுகுமலைக்குப் போயிட்டு வந்த மறுநாளே, மலைய எடுத்துருங்கன்னு டிராவல்ஸ்ல சொல்லிட்டேன்" என்றாள். "யானைய மட்டும் பாத்துட்டு வருவோம்னு. கேட்டா எனக்கு முட்டு வலின்னு சொல்லிக்கிடலாம்னு இருந்தேன். ஒங்களுக்குச் சங்கடமா இருக்கக் கூடாதேன்னு."

ஆத்தூர்ப் பாலம் தாண்டியதும், "இப்ப?" என்றேன்.

"நாளைக்கு மறுபடி சேக்கச் சொல்லப்போறேன். எனக்கு மட்டும். நீங்க பயந்ததுக்கு இல்ல. செத்தவர இழுத்தியள்லா, அதுக்கு."

அடுத்த மாதம் கிளம்புகிறோம். மலை அவளுக்கு, எனக்கு அடிவாரம் என்று பஜாரில் நானே சொல்லிவிட்டேன். கொஞ்சநாள் சிரித்தார்கள், ஓய்ந்துவிட்டார்கள். கிளம்புமுன் ஆறுமுகநேரிக்குப் போய் அக்காவிடம் பயணம் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் சொல்லாமல் போகும் வழக்கம் இல்லை. இரண்டு தடவை காரை எடுத்தேன். இரண்டு தடவையும் ஆத்தூர்ப் பாலத்திலிருந்தே திரும்பிவிட்டேன்.