காணுமோ என்று கேட்கும் கடை

போன ஐப்பசியில், மழை பிடித்து மரக்காணம் உப்பளத்தில் வேலையை நிறுத்திய வாரம் அது. அன்றைக்குக் காலை எங்கள் மூலைக்கடையில் இருந்தது ஐந்து பேர். கடைக்கார அக்கா, அவர் வீட்டுக்காரர், பால் கொண்டுவரும் ஆட்டோக்காரர், என்னோடு உப்பு சுமக்கும் பெரியம்மா, நான். ஆறாவதாக ஒருவரும் இருந்தார். அவர் போனுக்குள்ளே இருந்தார்.

எங்கள் தெருவில் அதைச் சிலோன்காரங்க கடை என்றுதான் சொல்வோம். அக்கா குடும்பத்துக்குக் கீழ்புத்துப்பட்டு அகதி முகாமில் பதிவு. காலையில் பஸ்ஸில் வந்து கடை திறந்து, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார்கள். மழைக்காலத்தில் எங்களுக்குக் கூலி கிடையாது. அப்போதெல்லாம் எங்கள் அடுப்பு எரிவது அந்தக் கடையை நம்பித்தான். அரிசியை நிறுத்ததும் அக்கா தராசைக் காட்டி, "காணுமோ?" என்பார். அவர்கள் ஊர்ப் பேச்சில் போதுமா என்று அர்த்தம். முதல் தடவை கேட்டபோது, நான்தான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று பதறிக் கீழே தேடினேன். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். ஆட்டோக்காரர் இன்னும் அதை விடவில்லை. "அக்கா காணுமான்னாலே பர்ஸைத் தொட்டுப் பாத்துக்கணும்பா" என்று கிண்டல் செய்வார்.

அன்றைக்கு ஒரு கிலோ அரிசி கேட்டேன். அக்கா நிறுத்துப் பையில் கொட்டிக் கையில் கொடுத்துவிட்டார். காணுமோ என்று கேட்கவில்லை. ஆறாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள் நான். கணக்கு என்றாலே நடுக்கம். பாக்கி ஏறிவிட்டதோ, என் மேல் கோபமோ என்று நினைத்துக்கொண்டேன்.

"இன்னாக்கா, உடம்பு சரியில்லையா?"

வீட்டுக்காரர்தான் மெதுவாகச் சொன்னார். "ராத்திரி இவவின்ர அம்மா செத்துப்போனா. வவுனியாவில."

முகாமில் அவர்கள் அறையில் டவர் கிடைக்காதாம். கடையில்தான் வீடியோ ஒழுங்காக வரும். அதற்காகத்தான் அந்தத் துக்கத்தோடு வந்து கடையைத் திறந்திருந்தார்.

"ஏம்பா, ஃப்ளைட் புடிச்சா சீக்கிரம் போயிடலாமே?" என்றார் ஆட்டோக்காரர்.

"போனா திரும்பி வரேலாது தம்பி. பிள்ளை இங்க படிக்குது."

அதற்குள் போன் அடித்தது. அக்காவின் அண்ணன் மகன். போனை பிஸ்கெட் டப்பாவில் சாய்த்து, கீழே ஒரு எவர்சில்வர் தட்டை வைத்தார்கள். திரையில் அந்த அம்மாவின் முகம். அங்கே எல்லோரும் வாய்க்கரிசி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மாமி, நீங்களும் போடுங்கோ. தூக்கப் போகினம்."

அக்கா அரிசி மூட்டைக்குள் கையை விட்டார். விட்ட கையை வெறுமையாக எடுத்துக்கொண்டார்.

"இது இன்னும் காசு குடுக்காத அரிசி. மொத்தக் கடைக்காரன்ட கடன். அம்மாவுக்குக் கடன் அரிசி போடலாமோ?"

முகாமுக்குப் போய் எடுத்துவர நேரமில்லை. படம் வேறு நின்று நின்று அசைந்தது. எங்கே கட்டாகிவிடுமோ என்ற பயத்தில் என் பையைப் பிரித்து நீட்டினேன்.

"இந்தாக்கா, இது என் ஊட்டு அரிசி. போடு."

அக்கா ஒரு பிடி எடுத்து, திரையில் தெரிந்த வாயருகே கொண்டுபோனார். அரிசி கண்ணாடியில் பட்டுத் தட்டில் உதிர்ந்தது. "காணுமோ அம்மா?" என்றார். ஒவ்வொரு நாளும் எங்களிடம் கேட்கும் அதே குரல்தான். படம் அப்படியே நின்றுவிட்டது. பிறகு போன் கட்டாகிவிட்டது. அந்தப் பக்கம் யாராவது பார்த்தார்களா என்று தெரியாது. இருந்தாலும் பெரியம்மா ஒரு பிடி போட்டார். ஆட்டோக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து போட்டார். நானும் போட்டேன். வீட்டுக்காரர் கடைசியாகப் போட்டு, தட்டில் விழுந்ததையும் பையில் மிச்சமிருந்ததையும் கொண்டுபோய்க் கழுவெளி ஏரித் தண்ணீரில் விட்டார்.

வீட்டுக்குப் போகும் பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. அந்த அரிசிக்கு நான் காசு கொடுக்கவே இல்லை. என் வீட்டு அரிசி என்று கொடுத்தேனே, அதுவும் கடன் அரிசிதானே. அந்த அம்மாவின் வாய்க்குப் போனது யாருடைய அரிசி? இதையே நினைத்து எத்தனையோ ராத்திரி தூங்கவில்லை.

தை மாதம் உப்பளம் திறந்து, முதல் கூலியோடு ஓடினேன். அக்கா பழைய பாக்கியை எல்லாம் வாங்கிக்கொண்டார். அந்த ஒரு கிலோ அரிசிக்கான காசை மட்டும் தள்ளிவிட்டார்.

"தாய்க்குப் போட்ட அரிசிக்குக் காசு வாங்கேலாது."

"அப்ப அது கடன் அரிசியா போயிடுமேக்கா" என்று அழுதேவிட்டேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன்ர வீட்டு அரிசி எண்டுதானே தந்தனீ. அது காணும்."

பத்து ரூபாய் பாக்கி இருந்தாலே தூக்கம் வராத நான், இந்த ஒன்றை மட்டும் தீர்க்க ஆசைப்படாமல் அப்படியே வைத்திருக்கிறேன்: ஐம்பத்து நான்கு ரூபாய்.