கட்டிய கை

பிசியோதெரபி செய்யும் பெண் என் இடக்கையைத் துண்டால் நாற்காலியோடு கட்டிவிட்டு, மேஜையில் பூண்டுப் பற்களைக் கொட்டினாள். "வலது கையால ஒவ்வொண்ணா எடுங்கம்மா." பக்கவாதம் வந்த விரல்கள் அசையவில்லை. பூண்டு வாசம்தான் என்னைப் பூண்டு விளையும் எங்கள் மலைக்கிராமமான பூம்பாறைக்கு இழுத்துப்போனது.

அப்பாவுக்கும் இப்படித்தான் வலக்கை விழுந்தது. நல்ல கையைக் கட்டிப்போட்டால்தான் விழுந்த கை வேலை செய்யும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபடி அம்மா அவர் இடக்கையைக் கட்டி, பல் பிரிக்க விதைப்பூண்டை முன்னால் வைத்துவிட்டுக் காட்டுக்குப் போவாள். அவருக்கு வேர்த்து ஊற்றும். "வெரசா அவுத்து விடு தாயி" என்று கெஞ்சுவார். அவிழ்த்துவிடுவேன். இடக்கையாலேயே எல்லாவற்றையும் பிரித்துவிடுவார். அம்மா வருவதற்குள் மறுபடி கட்டிவிடுவேன். பிரித்த குவியலைப் பார்த்து, "கை வந்துருச்சு பாத்தியா!" என்று அவள் அழுவாள். நாங்கள் இருவரும் வாய் திறக்கவில்லை. அந்தக் கை கடைசிவரை எழவேயில்லை.

பக்கத்தில் நின்ற என் மகள் துண்டின் முடிச்சில் கை வைத்தாள். "வலிக்குதாம்மா? கொஞ்சம் அவுத்து விடவா?"

"தொடாத!" என்று கத்தினேன். "இன்னும் இறுக்கிக் கட்டு."