கைதட்டலுக்கு விட்ட இடம்

மேடையில் நான் கற்ற முதல் ஒழுக்கம், கைதட்டல் ஓயும் முன் பேசக் கூடாது என்பது. ஒரு கருத்தை முடித்தவுடன் மனத்துக்குள் மூன்று எண்ண வேண்டும். அவையின் ஒலி எழுந்து அடங்கிய பின்பே அடுத்த சொல்லைத் தொட வேண்டும். கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளரின் லைன் வீடுகளுக்கு நடுவே போட்ட பட்டிமன்ற மேடைகளில் நான் வென்ற கேடயங்கள், எங்கள் வீட்டு டிவிக்கு மேலே இடம் போதாமல் நிற்கின்றன. இதை அடக்கத்தோடு சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.

அந்த நாவை நம்பித்தான் போர்ச்சுகீசியம் படித்தேன். பெங்களூரில் ஒரு நிறுவனம், அம்மொழி பேசும் பிரேசில் நாட்டவருக்கு இணையவழியில் ஆங்கிலம் கற்பிக்கிறது. மூன்று மாதம் என்னைத் தற்காலிகமாக வைத்திருந்தார்கள். பிறகு, வரும் வியாழக்கிழமை பத்து நிமிடப் பாடம் ஒன்றை நேரலையில் நடத்திக் காட்டச் சொன்னார்கள். தேறினால் வேலை நிரந்தரம். இல்லையேல் வெள்ளிக்கிழமையோடு வெளியே. எனக்குத் தந்த வினைச்சொல் ‘டேக்’.

ஆங்கிலத்தில் எளிய சொல். போர்ச்சுகீசியத்திலோ அதற்கு ஒரே ஈடு கிடையாது. மருந்தையோ காப்பியையோ உட்கொண்டால் தொமார். பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போனால் லெவார். ஒரு வேலை இவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதற்கும் அதுவே. பேருந்தைப் பிடித்தால் பெகார். புகைப்படம் எடுத்தாலும் காலணியைக் கழற்றினாலும் திரார். பேசிப் பார்ப்பதற்கு, அம்மொழி அறிந்த இன்னொரு செவி எங்கள் ஊரில் இல்லை. வீட்டில் பேசினால் அம்மா டிவி ஒலியைக் குறைத்துவிட்டு, “போன்லயா பேசற?” என்பார். ஆகவே மாரிகுப்பத்திலிருந்து காலையில் பெங்களூருக்குப் புறப்படும் ரயிலே என் அவையாயிற்று. எதிர் இருக்கையில், கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகும் அக்காக்கள் மூவர். எந்தச் சொல் எதற்கு என்பதை மட்டும் அவர்களுக்குத் தமிழில் சொல்லியிருந்தேன்.

“இன்னாம்மா இது, மாத்திர முழுங்க ஒரு வார்த்த, பஸ்ஸு புடிக்க ஒரு வார்த்தயா? அந்த ஊர்ல பொழைக்கறதே கஷ்டம் போல!”

“அவ பேசட்டும் வுடு. ஏம்மா, போட்டோவுக்கும் செருப்புக்கும் ஒரே வார்த்தன்னியே, செருப்ப போட்டோ புடிச்சிடப் போறாங்க!”

போர்ச்சுகீசியம் ஒன்றும் புரியாமலே, நான் நிறுத்திய இடந்தோறும் மூவரும் கைதட்டினார்கள். கேலிக்குத்தான். ஆனாலும் கோரமண்டல் ஸ்டேஷன் தொடங்கி பங்காருபேட்டை வரை தட்டினார்கள்.

வியாழன் மாலை அலுவலகக் கண்ணாடி அறையில் தனியே அமர்ந்தேன். திரையில், என்னை மதிப்பிட பிரேசிலிலிருந்து ஒரு பெண்மணி. அங்கே காலை நேரம், கையில் காப்பி. அந்தக் காப்பியையே எடுத்துக்காட்டாக்கித் தொமாரை விளக்கி முடித்தேன். தலை நிமிர்த்தி மூன்று எண்ணினேன். அவர் அசையாமல் பார்த்தார். லெவார் முடிந்தது, மீண்டும் மூன்று. பெகார் முடிந்தபோது அவர் திரையை நெருங்கி, தம் ஹெட்போனைத் தட்டிவிட்டு, “இணைப்பு அறுந்துவிட்டதா? நான் பேசுவது கேட்கிறதா?” என்றார்.

“கேட்கிறது” என்றேன். எத்தனையோ எதிரணிகளைக் கண்ட எனக்கு, அக்கணத்தில் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. திராரை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

முடிவை அப்போதே சொன்னார். பொருளில் பிழையில்லை, உச்சரிப்பு நன்று, வேலை நிரந்தரம். ஒரே நிபந்தனை, இடையிடையே மௌனம் கூடாது. மாணவர்கள் பாடத்தை மூடிவிட்டுப் போய்விடுவார்கள்.

திரும்பிய ரயிலில் அக்காக்கள் இல்லை. முந்தைய வண்டியில் போயிருந்தார்கள். பங்காருபேட்டையில் கூட்டம் இறங்கிய பின் என் பக்கத்தில் எவரும் இல்லை. வேலை கிடைத்த செய்தியைப் போர்ச்சுகீசியத்தில் ஒருமுறை உரக்கச் சொன்னேன். பழக்கத்தால் மூன்று எண்ணினேன்.

மறுநாள் காலை அக்காக்களிடம் சொன்னேன்.

“பாஸா? ஸ்வீட் எங்கம்மா?”

“நாம கைதட்டினதுலதான்டி பாஸாயிட்டா!”

சிரித்து ஓயும் வரை காத்திருந்தேன். “அக்கா, இனிமே நடுவுல கைதட்டாதீங்க.”

“ஏம்மா, கோவமா?”

“இல்லக்கா. பாடத்துல நிறுத்தக் கூடாதாம். நீங்க தட்டினா நான் நின்னுடுவேன்.”

அடுத்த பாடத்துக்குத் தந்திருந்த சொல் ‘கெட்’. அதன் பொருள்கள் இன்னும் மிகுதி. ஜன்னலைப் பார்த்தபடி நிறுத்தாமல் சொல்லத் தொடங்கினேன். முதற்பொருள் முடிந்த இடத்தில், கண்ணாடியில் ஓர் அக்காவின் கைகள் உயர்வது தெரிந்தது. நினைவு வந்தவராய் அவர் டிபன் பாக்ஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதற்குள் நான் இரண்டாம் பொருளுக்குப் போய்விட்டிருந்தேன்.