வெள்ளை மாவில் ஒரு ஜன்னல்

மேலப்பாளையத்துக் கமர் நிஷாவுக்கு ஒரே ஓர் ஆசைதான். தான் அரைத்துக் கொடுக்கும் வெள்ளை மாவு, உலைக்குள் போய்க் கண்ணாடிபோல் தெளிந்து திரும்புவதை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும்.

கணவன் இறந்த வருஷம் பாளையங்கோட்டையின் பீங்கான் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தாள். டீக்கோப்பை செய்யும் இடம் என்று நினைத்துத்தான் போனாள். விஞ்ஞானி ஹெப்ரான் வேறு கதை சொன்னார்.

"இந்தப் பீங்கான் மாவு தெளிஞ்சு வந்திச்சுன்னா செயற்கைக்கோள் கேமராவுக்கு ஜன்னலா வைக்கலாம்மா. கண்ணாடி உருகுற சூட்டுலயும் அசையாது."

அன்றிலிருந்து 'இறைவன் பெயரால்' என்று பிஸ்மி சொல்லாமல் அவள் அந்த மாவைத் தொட்டதில்லை.

ஆனால் மாவை அழுத்தி உலையில் வைத்து, வெந்து வந்த வில்லைகள் எல்லாமே பால்போல் மங்கிக் கிடந்தன. மேலிடம் பொறுமை இழந்தது. மிச்சமிருந்த மாவு ஒரே ஒரு வில்லைக்குத்தான் காணும். அதுவும் மங்கினால் ஆராய்ச்சிக்கே மூடுவிழா.

அன்று காலை அரைக்கும் ஜாடியை அவள் கழுவிக்கொண்டிருந்தபோது, ஆராய்ச்சி மாணவி எப்சி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா, காய்ச்சி வடிச்ச தண்ணியில கழுவிட்டு மறுபடியும் எதுக்குக் குழாயைத் திறக்கீங்க?"

"அது கேன்ல கிடந்த செத்த தண்ணிட்டி. இது நம்ம ஆத்துத் தண்ணி! அல்வாவுக்கே இதுதான் ருசி. கடைசியா இதுல ஒரு அலசு அலசுனாத்தான் எனக்குத் திருப்தி."

"எப்பயிருந்து இப்படி?"

"எப்பவுமேதான்."

எப்சி உள்ளே வந்தாள். கறுப்புக் கல்மேடையில் குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டும், வடித்த தண்ணீர் ஒரு சொட்டும் விட்டாள். மின்விசிறிக் காற்றில் இரண்டும் காய்ந்தன. வடித்த தண்ணீர் சுவடின்றிப் போயிற்று. குழாய்த் தண்ணீர் மெல்லிய வெள்ளை வளையம் ஒன்றை விட்டுச் சென்றிருந்தது.

"இந்த உப்பு ஜாடியில ஒட்டி, மாவுல கலந்து, வில்லைய மங்கடிக்குது அக்கா."

ஐயோ! பிறந்தது முதல் குடித்து வளர்ந்த தண்ணீரா இப்படிச் செய்தது? கமர் நிஷா குழாயை இறுக மூடினாள். விஷயம் கேட்ட ஹெப்ரான் தலையில் கைவைத்தார், பிறகு சிரித்தேவிட்டார்.

"நானும் இந்த ஊர்க்காரன்தானே! ஆத்துத் தண்ணி மேல எனக்கும் சந்தேகம் வரலியே."

ஜாடியை வடித்த தண்ணீரில் மட்டும் கழுவி, கடைசி மாவை அரைத்தார்கள். வில்லையாக அழுத்தி, காற்றை உறிஞ்சி எடுத்த உலைக்குள் வைத்தார்கள். சூரியனைத் துண்டு போட்டு அடைத்து வைத்தாற்போல் உலை வெள்ளையாய்க் கனன்றது. ஆறியபின் எப்சி வில்லையின் இருபுறமும் மெருகேற்றி, கமர் நிஷாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

கை வெறுமையாக இருப்பதாகத்தான் அவள் முதலில் நினைத்தாள். வில்லைக்கு அடியில் ரேகைகளும், சோப்பு அரித்த வெடிப்புகளும் அப்படியே தெரிந்தன.

"சார், மாவு எங்கன சார் போச்சு?"

"எங்கயும் போவல. அதைத்தான் பாக்குதீங்க."

"நான் என் கையையில்லா பாக்குதேன்!"

"அதுக்குத்தாம்மா இம்புட்டு நாளும் பாடுபட்டோம்."

அவள் வில்லையைக் கண்ணருகே உயர்த்தினாள். வெளியே வேப்பமரம் இலை இலையாக அதற்குள் அசைந்தது. அல்லாஹ்வே, மண்ணுக்கு இப்படியும் ஒரு வரமா! கண்ணீர் முட்டியது, துடைத்தால் அந்தக் காட்சி கணநேரம் மறைந்துவிடுமே என்று துடைக்காமல் நின்றாள்.

"தாங்க அக்கா, அளந்து பாக்கணும்" என்று எப்சி கை நீட்டினாள்.

"கொஞ்சம் பொறுட்டி," என்றாள் கமர் நிஷா. "நான் இன்னும் பாத்து முடிக்கல."